புது ஆடு வீடு வந்த முதல் மாதம்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

வாங்கி வந்த ஆடு தின்னவில்லை, கழிகிறது, இருமுகிறது என்றால் முதலில் மருந்தைத் தேடத் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: வண்டியிலிருந்து இறக்கி இன்று எத்தனையாவது நாள்? இரண்டாம் நாளில் வரும் கழிச்சல் பெரும்பாலும் தீவனம் மாறியதால் வருவது. அதே கழிச்சல் ஆறாம் நாளில் காய்ச்சலோடு வந்தால் தொற்று. பன்னிரண்டாம் நாளில் குட்டிக்கு மட்டும் வந்தால் ரத்தக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் நாள் கணக்கோடு சேர்த்தே படியுங்கள்.

பொதுவான கணக்கு இது. முதல் 2 நாள்: பயணக் களைப்பு, தாகம், பயம், தீவனக் கோளாறு. 3 முதல் 10 நாள்: வரும்போதே உடலில் இருந்த அல்லது வழியில் ஒட்டிய தொற்றுகள். 2 முதல் 4 வாரம்: குடற்புழு, ரத்தக்கழிச்சல், தோல், குளம்புக் கோளாறுகள். இதனால்தான் புது ஆட்டை மந்தையிலிருந்து பிரித்து வைக்கும் தனிமைக் காலம் குறைந்தது 30 நாள் என்கிறோம். பத்தே நாளில் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று மந்தையில் விட்டால் மூன்றாவது வகை முழுவதும் உங்கள் கொட்டகைக்குள் வந்துவிடும்.

எதையும் முடிவு செய்யும் முன் அளக்க வேண்டியவை

வெப்பநிலை: மலவாயில் வெப்பமானியை 1 நிமிடம் வைத்துப் பார்க்கவும். 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால் காய்ச்சல். ஆனால் வெயிலில் வந்து இறங்கிய ஆட்டுக்கு 40 காட்டுவது சாதாரணம். நிழலில் 2 மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி பார்க்கவும். 38-க்குக் கீழே இறங்குவது காய்ச்சலைவிட மோசமான செய்தி. உடல் தளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இரைப்பை அசைவு: இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பசிக்குழியில் கைமுட்டியை அழுத்தி 2 நிமிடம் வைத்திருங்கள். நிமிடத்துக்கு 1 அல்லது 2 முறை உள்ளிருந்து உருண்டு எழும்புவது கையில் தெரிய வேண்டும். வேறு எந்தச் சோதனையையும்விட இது அதிகம் சொல்லும். இதற்குக் கருவியும் வேண்டாம்.

மூச்சு: ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30. கண்: கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். புழுக்கை: தனித்தனி உருண்டையாக.

இந்த ஐந்தையும் வந்த அன்று மாலையே ஒவ்வொரு ஆட்டுக்கும் எழுதிவைக்கவும். நலமாக இருந்தபோது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பிறகு வரும் அளவைப் படிக்க முடியும். முதல் 10 நாள் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். சளியும் இருமலும் தெரிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே காய்ச்சல் தெரிந்துவிடும்.

தனி இடம் என்றால் மூக்கோடு மூக்கு உரசாத இடம். கம்பி வேலிக்கு இரண்டு புறமும் நின்று முகர்ந்துகொண்டால் அது தனிமை ஆகாது. வாளி, துடைப்பம், செருப்பு எல்லாம் தனித்தனி. பழைய ஆடுகளின் வேலையை முடித்துவிட்டே புது ஆடுகளிடம் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது.

ஓயாமல் கத்துகிறது, வேலியோரமாக ஓடுகிறது

முதல் 48 மணி நேரத்தில் இது நோய் அல்ல. ஆடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாக ஒன்றை வாங்கி வந்தால் தொண்டை கட்டும் வரை கத்தும். இரண்டாக வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு. ஒன்றுதான் வாய்த்தது என்றால், மற்ற ஆடுகள் கண்ணில் படும் தூரத்தில், ஆனால் தொட முடியாதபடி கட்டுங்கள். இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

கத்தும் ஆடு தின்கிறதா, அசை போடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் நடந்தால் விட்டுவிடலாம். பெட்டை ஆடு மூன்றாம் நாளுக்குப் பிறகு வாலை ஆட்டிக்கொண்டு, புழைப் பகுதி சிவந்து, அடிக்கடி சிறுநீர் கழித்தபடி கத்தினால் அது பருவச் சத்தம். ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கும். ஆண் ஆடு முக்கிக்கொண்டு கத்தினால் நிலைமை முற்றிலும் வேறு. கீழே சிறுநீர் அடைப்புப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

தண்ணீர் குடிக்கவில்லை

புது இடத்துத் தண்ணீரின் மணமும் ருசியும் மாறியிருப்பதே பெரும்பாலும் காரணம். குளோரின் வாடை உள்ள தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு கொடுக்கவும். வாளியில் ஒரு புழுக்கை மிதந்தாலும் பல ஆடுகள் வாய் வைக்காது. வாளியைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பது நல்லது. குளிர் காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை வேகமாகக் குடிக்கும்.

நீர்ச்சத்து இழப்பைச் சோதிக்க, கழுத்துத் தோலைக் கிள்ளி விடவும். 2 விநாடிக்குள் சமமாக வேண்டும். மெதுவாக இறங்கினால் 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி (இரண்டுமே தட்டையாக) கரைத்து வையுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். நீண்ட பயணத்தில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி முதல் நாளே தானியத்தை அள்ளிக் கொட்டுவதுதான் அடுத்து வரும் கோளாறுகளுக்கு ஆரம்பம்.

சத்தமே இல்லாமல் ஒதுங்கி நிற்கிறது, தின்னவில்லை

கத்தும் ஆட்டைவிட இந்த ஆட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். தலை தொங்கி, மயிர் சிலிர்த்து, கூட்டத்தை விட்டு விலகி நின்றால் உடனே வெப்பநிலை, இரைப்பை அசைவு இரண்டையும் பாருங்கள்.

வெப்பநிலை 40-க்கு மேல், மூச்சு வேகம்: நுரையீரல் தொற்று. இருமல் பகுதியைப் பாருங்கள். வெப்பநிலை இயல்பு, இரைப்பை அசைவு குறைவு: பயண அயர்ச்சி. நல்ல காய்ந்த புல்லும் மரக்கிளைத் தழையும் கொடுத்து 12 மணி நேரம் கவனிக்கலாம். அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு) வேண்டாம். 12 மணி நேரம் கழிந்தும் அசை போடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

சினை ஆடாக இருந்தால் இந்த 12 மணி நேர அவகாசமும் கிடையாது. ஈற்றுக்கு முந்தைய 6 வாரத்தில், அதுவும் இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆடு ஒரு நாள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் சேரும். மூச்சில் இனிப்பான வாடை, பல் நறநறப்பு, எழ மறுப்பு என்று போகும். அன்றே மருத்துவரை வரவழைக்கவும். அதுவரை புரோப்பிலீன் கிளைக்கால் 60 மி.லி. வாய்வழியாகக் கொடுக்கலாம். கடைசி 6 வாரத்தில் உள்ள சினை ஆட்டை இடம் மாற்றாமல் இருப்பதே நல்லது. வாங்குவதானால் ஈன்று பாலூட்டத் தொடங்கிய பிறகு வாங்குங்கள்.

இடது பக்கம் வீங்கியிருக்கிறது

பசிக்குழி மேடாகி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் உப்புசம். காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும், நாக்கை நீட்டும், மூச்சுத் திணறும். இது மணிக்கணக்கில் கொல்லும் கோளாறு.

செய்ய வேண்டியது வரிசையாக:

1. எல்லாத் தீவனத்தையும் எடுத்துவிடவும்.
2. முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தவும். படுக்க விடக்கூடாது.
3. தாவர எண்ணெய் கொடுக்கவும். வளர்ந்த ஆட்டுக்கு 100 மி.லி., குட்டிக்கு 20 முதல் 30 மி.லி. வாயின் ஓரத்தில், சிறிது சிறிதாக. முகவாய் கண்மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். விழுங்க முடியாமல் படுத்துவிட்ட ஆட்டுக்கு வாய்வழியாக எதுவும் ஊற்றக்கூடாது.
4. இடது பசிக்குழியைத் தேய்த்துவிட்டபடி நடக்க வைக்கவும். ஏப்பம் வரத் தொடங்கினால் தப்பிற்று.
5. அரை மணி நேரத்தில் தணியவில்லை என்றால் மருத்துவர் குழாய் செலுத்த வேண்டும்.

எண்ணெய் நுரை உப்புசத்துக்குத்தான் வேலை செய்யும். ஈரமான பயறுவகைப் பசுந்தீவனத்தைப் பசியோடு அள்ளித் தின்ற ஆட்டுக்கு நுரை வரும். தொண்டையில் ஏதாவது அடைத்துக் காற்று மட்டும் தேங்கியிருந்தால் எண்ணெய் பயன்படாது. எச்சில் ஒழுகி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டில் அடைப்பைச் சந்தேகிக்கவும்.

தட்டினால் மத்தள ஒலி இல்லை, கையால் அழுத்தினால் மாவு போலக் குழிகிறது அல்லது உள்ளே தண்ணீர் அலம்புகிறது என்றால் அது தானியம் அதிகமாகத் தின்றதால் வந்த அமிலக் கோளாறு. மூட்டையை அவிழ்த்துத் தின்ற ஆடு, விருந்து போல முதல் நாளே ஒரு கிலோ அடர்தீவனம் பெற்ற ஆடு, இரண்டும் 12 முதல் 36 மணி நேரத்தில் இப்படிப் படுக்கும். புளித்த வாடையோடு கழியும், தள்ளாடும். ஆரம்ப நிலையில், இன்னும் நின்றுகொண்டிருக்கும்போது, 30 கிலோ ஆட்டுக்கு சமையல் சோடா 15 முதல் 20 கிராம் வரை கால் லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, காய்ந்த புல் மட்டும் வைக்கவும். படுத்துவிட்டால் நரம்பு வழியாகச் சிகிச்சை தேவை. இதிலிருந்து பிழைத்த ஆடு சில நாள் கழித்து நொண்டலாம். குளம்புக்குள் ஏற்படும் அழற்சி அது, தனி நோய் அல்ல.

இவை வராமல் இருக்கத் தீவன அட்டவணை: முதல் 24 மணி நேரம் காய்ந்த புல், தண்ணீர், அவ்வளவுதான். பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றவும். அடர்தீவனம் ஒரு நாளைக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டலாம். பச்சையில் விடும் முன் காய்ந்த புல்லால் வயிற்றை நிரப்புங்கள். பசியோடு புது நிலத்தில் விடப்படும் ஆடு, வழக்கமாகத் தொடாத அரளியையும் இளஞ்சோளத் தட்டையையும் கடிக்கும். தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கித் துடித்து விழுந்தால் இளஞ்சோளத்தின் சயனைடைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

கழிச்சல்

இங்கேதான் நாள் கணக்கு மிகவும் உதவும்.

1 முதல் 3 நாள், காய்ச்சல் இல்லை, ஆடு சுறுசுறுப்பாக இருக்கிறது, புழுக்கை கொழகொழவென்று இருக்கிறது: தீவன மாற்றம். அடர்தீவனத்தையும் பச்சையையும் நிறுத்திக் காய்ந்த புல் கொடுங்கள். மேலே சொன்ன உப்புச் சர்க்கரைத் தண்ணீர் போதும். நுண்ணுயிர்க்கொல்லி வேண்டாம். அது இரைப்பையில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் அழித்து, ஒரு நாள் தொல்லையை ஒரு வாரத் தொல்லை ஆக்கும்.

தண்ணீராக, சளியும் ரத்தமும் கலந்து, வயிற்று வலியில் அலறிக்கொண்டு கழிகிறது; அல்லது நேற்று வரை நன்றாக இருந்த, அதிகம் தின்னும் ஆடு காலையில் இறந்து கிடக்கிறது: துள்ளுமாரி நோய். குடலில் ஏற்கனவே இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமி, திடீரென வந்து சேரும் மாவுச்சத்தில் பெருகி நஞ்சு உமிழ்கிறது. வந்தபின் காப்பாற்றுவது அரிது. தடுப்பூசி 3 முதல் 4 வாரம் இடைவெளியில் 2 தவணை. வெள்ளாட்டில் எதிர்ப்பு சீக்கிரம் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும்படி பல மருத்துவர்கள் சொல்வார்கள். முந்தைய தடுப்பூசிக்குச் சான்று இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

5 முதல் 10 நாள், காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, அதன்பின் கழிச்சல்: ஆட்டுக்கொல்லி நோய். அடுத்த பகுதியில்.

1 முதல் 3 வாரம், 3 வார வயதிலிருந்து 5 மாத வயது வரையான குட்டி, கருத்த நாற்றமான கழிச்சல், சில சமயம் ரத்தம், முக்கல்: ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. குடற்புழு மருந்து இதில் சிறிதும் வேலை செய்யாது. இரண்டு மூன்று முறை புழு மருந்து கொடுத்து நாளை வீணாக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சாணப் பரிசோதனை செய்து, சல்ஃபா வகையோ ஆம்ப்ரோலியமோ மருத்துவர் சொல்லும் அளவில் முழு நாளும் கொடுக்க வேண்டும். ஆம்ப்ரோலியம் தரும்போது தயமின் (வைட்டமின் பி1) குறையும் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். தரையும் தீவனத் தொட்டியும் ஈரமாக இருக்கும் வரை நோய் திரும்பத் திரும்ப வரும். தொட்டியைக் குட்டி ஏறிப் புழுக்கை போட முடியாத உயரத்தில் மாட்டவும்.

இருமல், மூக்கொழுக்கு

தண்ணீர் போன்ற தெளிந்த ஒழுக்கு, காய்ச்சல் இல்லை, நன்றாகத் தின்கிறது: வழியில் பட்ட தூசி. 3 நாளில் போய்விடும்.

மஞ்சள் சளி, 40-க்கு மேல் காய்ச்சல், மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டுகிறது, வந்து 3 முதல் 14 நாள்: பயணச் சளிக்காய்ச்சல். மேன்ஹைமியா, பாஸ்டுரெல்லா கிருமிகள் ஆரோக்கியமான ஆட்டின் தொண்டையிலேயே இருக்கும். நெரிசல், பட்டினி, ஈரக்காற்று மூன்றும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இறங்கும். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் இடம் இதுதான். முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். கொட்டகையை மூடிச் சூடாக வைப்பது தவறு. தேங்கிய சிறுநீரின் அமோனியா வாடை உங்கள் மூக்குக்கே ஏறினால், அந்த ஆட்டின் நுரையீரல் நாள் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கூரையோரம் காற்று போக வேண்டும். ஆட்டின் முதுகில் நேராக அடிக்கக்கூடாது.

கண், மூக்கு இரண்டிலும் கெட்டியான ஒழுக்கு இமைகளை ஒட்டவைக்கிறது, ஈறிலும் நாக்கிலும் தவிடு ஒட்டியது போல வெளுத்த புண், துர்நாற்றம், 40 முதல் 41 டிகிரி காய்ச்சல், பிறகு கழிச்சல்: ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் பி.பி.ஆர். அடைகாலம் பெரும்பாலும் 4 முதல் 6 நாள். இது வைரஸ், கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, துணைத் தொற்றைத்தான் தடுக்க முடியும். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் மந்தையையே அழிக்கும். யாரும் உள்ளே வராமல் நிறுத்தி, அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். தடுப்பூசி 1 மி.லி. தோலுக்கடியில்; பல ஆண்டு பாதுகாப்பு தரும். புறப்படும் முன், குறைந்தது 3 வாரம் முன்பே போட்ட ஆட்டைத் தேடி வாங்குவது நல்லது. வந்து இறங்கிய அன்று களைத்த ஆட்டுக்கு ஊசி போடுவதில் பயன் குறைவு. ஒரு வாரம் தேறட்டும், காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்து போடலாம்.

கண் இமை வெளுத்திருக்கிறது, தாடையின் கீழே வீக்கம்

ரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் புழுவை முதலில் நினைக்கவும். இதற்குக் கழிச்சல் அவசியம் இல்லை; ஆடு தின்றுகொண்டே இளைக்கும், ஒரு நாள் விழும். இமை நிறத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடும் ஃபமாச்சா அட்டையில் 1, 2 நலம். 4, 5 என்றால் உடனே மருந்து. 3 என்றால் புது ஆட்டுக்கும் குட்டிக்கும் சினைக்கும் மருந்து கொடுத்துவிடலாம்.

புழு மருந்தை வண்டியிலிருந்து இறக்கிய கையோடு ஊற்ற வேண்டாம். ஒரு நாள் ஓய்வு, அதன்பின் எடை. கண்ணால் எடை சொல்பவர்கள் பெரும்பாலும் குறைவாகச் சொல்கிறார்கள். குறைந்த அளவு மருந்து புழுவைப் பழக்குமே தவிரக் கொல்லாது. தராசு இல்லையென்றால் முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 என்று போட்டால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 28, நீளம் 26 என்றால் ஏறக்குறைய 31 கிலோ.

வெள்ளாட்டின் உடல் பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போவது இதனால்தான். சரியான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் தரக்கூடாது. மருந்து கொடுத்த பின் 2 நாள் மேய்ச்சலுக்கு விடாமல், கூட்டிக் கழிக்கக்கூடிய உலர்ந்த தரையில் வைத்து அந்தச் சாணத்தை மேய்ச்சல் நிலத்துக்குப் போகாமல் அகற்றுங்கள். 10 முதல் 14 நாள் கழித்துச் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்க்கவும். 95 சதவீதம் குறையவில்லை என்றால் மருந்துக்குப் பழகிய புழுவைத்தான் வாங்கி வந்திருக்கிறீர்கள். அது உங்கள் நிலத்தில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

தாடை வீக்கத்தில் ஒரு குழப்பம் வரும். நடுத்தாடைக்குக் கீழே, மெத்தென்று, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேய்ந்து வந்த மாலையில் பெரிதாகிக் காலையில் சிறுத்தால் புழுவால் வந்த நீர். காதுக்குக் கீழேயோ தாடை மூலையிலோ தோள்பட்டைக்கு முன்னாலோ கெட்டியான உருண்டையாக இருந்தால் நிணநீர்க் கட்டி. அது உடைந்தால் வரும் கெட்டிச் சீழில் உள்ள கிருமி மண்ணில் மாதக்கணக்கில் வாழும். வாங்கும்போதே இப்படிக் கட்டி தெரிந்தால் வாங்காதீர்கள். வந்தபின் தெரிந்தால் அந்த ஆடு தனிமையிலிருந்து வெளியே வரக்கூடாது. கட்டியைக் கொட்டகைக்குள் வைத்துக் கீறவும் கூடாது.

உதட்டில் பொருக்கு

உதட்டோரம் தடித்துக் கரும்பொருக்காக மாறினால் தொற்றும் வாய்ப்புண். 3 முதல் 4 வாரத்தில் தானாக ஆறும். பொருக்கைப் பிய்த்து மருந்து தடவ வேண்டாம். வலியால் தின்னாத குட்டிக்கு மென்மையான தீவனம் கொடுங்கள். பால் குடிக்கும் குட்டி என்றால் தாயின் காம்பையும் பாருங்கள். உங்கள் கைக்கும் தொற்றும், கையுறை கட்டாயம். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் நெடுநாள் தங்கும். ஆறிய பின் கூளத்தை எரித்து, தரையைச் சுரண்டுங்கள். வாயில் கொப்புளத்தோடு குளம்பிடுக்கிலும் கொப்புளம், எச்சில் ஒழுக்கு, நொண்டல் என்றால் கோமாரி. அதுவும் தகவல் சொல்ல வேண்டிய நோய்.

நொண்டுகிறது

முதல் நாள் நொண்டல்: வண்டியில் சுளுக்கு அல்லது மிதி. 3 நாள் ஓய்வு. இரண்டாம் வாரத்தில், குளம்பிடுக்கில் அழுகிய நாற்றத்தோடு நொண்டினால் குளம்பு அழுகல். இதை உண்டாக்கும் முக்கியக் கிருமி குளம்பை விட்டு வெளியே மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. புது ஆடுகள் நின்ற இடத்தை அதன்பின் இரண்டு வாரம் காலியாக விடுவதன் காரணம் இதுதான்.

வளர்ந்து மடிந்த குளம்பை வெட்டி, அழுகலில் காற்றுபடச் செய்யுங்கள். ரத்தம் வரும் அளவுக்கு வேண்டாம். 10 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலில், அதாவது 9 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ, 10 முதல் 15 நிமிடம் நிறுத்தி, பின் ஒரு மணி நேரம் காய்ந்த தரையில் வைக்கவும். சேற்றில் விட்டால் கரைசல் கழுவிப் போய்விடும். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி எரிக்கவும், கத்தியை ஆட்டுக்கு ஆடு கிருமிநாசினியில் நனைக்கவும். நோய் இல்லாத ஆட்டுக்கும் வந்த மூன்றாம் நாள் ஒருமுறை இந்தக் குளியல் கொடுப்பதில் தவறில்லை.

சொறிந்துகொண்டே இருக்கிறது

மயிரைப் பிரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பேன் என்றால் கண்ணுக்குத் தெரியும். மருந்து முட்டையைக் கொல்லாது. ஆகவே 14 நாள் கழித்து இரண்டாம் முறை கட்டாயம். தோல் தடித்து, மடிப்பு விழுந்து, மயிர் உதிர்ந்தால் சொறிப்பூச்சி. தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பின்பே மருந்து.

கிடா முக்குகிறது, சிறுநீர் சொட்டுகிறது

மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றும் வீடுகளே அதிகம். முதுகை வளைத்து, வாலைத் துடிக்கவைத்து, கத்தி, சொட்டுச் சொட்டாகவோ வராமலேயோ நின்றால் சிறுநீர்க் கல் அடைப்பு. இளம் வயதில் காயடித்த கிடாக்களுக்கு இது அதிகம், குழாய் குறுகியே நின்றுவிடுவதால். பயணத்தில் தண்ணீர் குறைந்ததும் வந்தவுடன் தானியம் கூடியதும் சேர்ந்து கிளப்பிவிடும். சில மணி நேரத்தில் மருத்துவர் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை வெடித்தால் வலி நின்றதுபோல் அமைதியாகும், அதை நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தடுக்க: தீவனத்தில் சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரஸும் 2-க்கு 1, எப்போதும் உப்பு, கிடாவுக்குத் தானியம் மிகக் குறைவு.

தலை தூக்கி வானத்தைப் பார்க்கிறது, வட்டம் போடுகிறது

பார்வை இழந்து தலையைப் பின்னால் வளைத்தால் தயமின் குறைவு. ஒரே பக்கமாகச் சுற்றி, முகத்தின் ஒரு பக்கம் தொங்கினால் லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் மூளைத் தொற்று. இரண்டும் அவசரம். இரண்டும் ஆரம்பத்தில் ஒன்றுபோலத் தெரிவதால் மருத்துவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே தொடங்குவதும் உண்டு.

பால் குறைந்துவிட்டது

ஒரு வாரம் வரை இயல்பு. கறக்கும் நேரத்தையும் ஆளையும் மாற்றாதீர்கள். மடி சூடாகவோ ஒரு பக்கம் கெட்டியாகவோ இருந்தால், பாலில் திரி தெரிந்தால் மடிநோய். புருசெல்லா (பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் கிருமி) ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது.

தாண்டி ஓடுகிறது, தலை மாட்டிக்கொள்கிறது

வேலி 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. வேலியோரம் ஏறி நிற்க உதவும் கல், தொட்டி எதுவும் இருக்கக்கூடாது. கம்பி வலையின் கட்டம் 15 சென்டிமீட்டராக இருந்தால் கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிடும், எடுக்க முடியாது. கட்டம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது தலையும் கொம்பும் தாராளமாகத் திரும்பும் 30 சென்டிமீட்டராக இருக்கட்டும். முதல் வாரம் கயிற்றில் கட்டி, ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள். மிரண்டு சுற்றிக் கழுத்து இறுக்கிக்கொள்ளும்.

மந்தையில் விட்டதும் பழைய ஆடுகள் முட்டி விரட்டுகின்றன

30 நாள் முடிந்து, சாணப் பரிசோதனையும் சரியென்றால், முதல் வாரம் வேலிக்கு இருபுறமும் வைத்துப் பழக்கவும். அதன்பின் காலையில், எல்லாரும் வயிறு நிரம்பிய நேரத்தில், கொட்டகைக்குள் அல்லாமல் திறந்த வெளியில் சேர்க்கவும். ஒன்றாக அல்ல, இரண்டாகவோ மூன்றாகவோ விடவும். முட்டுச்சந்து போன்ற மூலைகளைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். மாட்டிக்கொள்ளும் ஆட்டுக்குத்தான் விலா உடைகிறது.

எதிரெதிரே நின்று எழும்பித் தலையோடு தலை மோதுவது வரிசை முறையைத் தீர்மானிக்கும் சண்டை. ஒன்றிரண்டு நாளில் முடியும், தலையிடாதீர்கள். பக்கவாட்டில் வயிற்றிலும் மடியிலும் முட்டுவதும், மூன்று நாள் தாண்டியும் ஒன்றைத் தின்ன விடாமல் துரத்துவதும் வேறு. அடிபடும் ஆட்டைப் பிரிக்காதீர்கள். விரட்டும் ஆட்டை 3 நாள் கண் மறைவில் வையுங்கள். திரும்பி வரும்போது அதன் இடம் இறங்கியிருக்கும், புதியவை ஊன்றியிருக்கும்.

தீவனத் தொட்டியில் ஆட்டுக்கு 40 சென்டிமீட்டர், கொம்புள்ளதற்கு 50. ஒரே நீளத் தொட்டியைவிட, 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தொட்டி நல்லது. ஒரு தலைவி இரண்டு தொட்டியைக் காவல் காக்க முடியாது. கிடாக்குட்டிகள் 3 மாதத்துக்கு மேல் இருந்தால் பெட்டைகளோடு விட வேண்டாம், சினைப்படுத்திவிடும்.

புது ஆடுகள் நலம், பழைய ஆடுகள் நோயில் விழுகின்றன

இது கலந்த 5 முதல் 14 நாளில் வரும். புது ஆடு அறிகுறி இல்லாமல் சுமந்து வந்ததை உங்கள் ஆடுகள் முதல்முறை சந்திக்கின்றன. வாய்ப்புண், கண்நோய், இருமல் இப்படித்தான் நுழையும். உடனே மறுபடி பிரியுங்கள். ஆனால் நோயுற்றவற்றைத் தனியே, அவற்றோடு பழகி இன்னும் நலமாக இருப்பவற்றைத் தனியே, புதியவற்றைத் தனியே என்று மூன்றாக. கருச்சிதைவு நடந்தால் கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடக்கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் பையில் கட்டிக் குளிரில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்துக் கூளத்தை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். பரிசோதனை முடிவு கைக்கு வரும் வரை எந்த ஆட்டையும் விற்கவோ இணை சேர்க்க வெளியே அனுப்பவோ வேண்டாம்.